அப்பளம் பொரியும் சத்தம்

வானொலியில் பேசிப் பிழைக்கிற பெண்ணுக்கு 1976-ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் எதற்கு என்று கேட்காத ஆளில்லை. அம்மா கேட்டார், நிலையத்தில் எங்கள் தயாரிப்பாளர் கேட்டார், எண்ணெய் போடும் கடைப் பையன்கூடக் கேட்டான். பதில் எளிது. சுங்கை சிப்புட் பக்கத்தில் நான் பிறந்த தோட்டத்தில் துரையிடம் இருந்தது இதே மாதிரி காடி. அதைப் பழுது பார்த்தவர் என் அப்பா. தோட்டத்துப் பட்டறையில் 27 வருடம் வெல்டிங்கும் ஃபிட்டர் வேலையும் பார்த்தார். துரையின் காடியில் ஒருநாள் ஏற வேண்டும் என்று லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஆசை. நான் கொஞ்சம் பிடிவாதக்காரி, அவ்வளவுதான்.

கதை அந்தக் காடியின் கூரைமேல் இருந்த கேரியரைப் பற்றியது.

வாங்கிய ஆறாம் மாதம், முகாம் போடப் போகிற ஆசையில், இங்கே ஒரு பட்டறையில் கேரியர் செய்யச் சொன்னேன். “நல்லா ஸ்ட்ராங்கா இருக்கணும் அண்ணே” என்று மூன்று தடவை சொன்னேன். அவரும் சொன்னபடி செய்தார். 38 மில்லி சதுரக் குழாய், 3 மில்லி கனம். பார்த்தால் பாலம் மாதிரி இருந்தது. 900 வெள்ளி கொடுத்துவிட்டுப் பெருமையாக ஓட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாதம் சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் ஒரு வளைவில் தலைக்குமேல் ‘டொக்’ என்று ஒரு சத்தம். கேரியரின் வலது முன்கால் கழன்று, மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேலே இருந்த ஐஸ் பெட்டி பின்னால் வந்த மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் விழுந்து உடைந்தது. ஓட்டி வந்த மலாய்க்காரத் தம்பி கால்வாய் ஓரமாக வண்டியைச் சாய்த்துத் தப்பித்துக்கொண்டார். முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான். பின்னால் அவருடைய சின்ன மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. “பரவாயில்லை அக்கா” என்று அவர் மொழியில் சொல்லிவிட்டு, சாலையில் சிதறிய ஐஸ் கட்டிகளை ஓரமாகத் தள்ள எனக்கு உதவினார்.

மறுநாள் காலை 6 மணிக்கு ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து, “சாலையில் கவனமாகச் செல்லுங்கள் நேயர்களே” என்று சொன்னேன். தினமும் சொல்கிற வரிதான். அன்றைக்குத் தொண்டையில் சிக்கியது.

அந்த வாரக் கடைசியில் காடியை ஊருக்கு ஓட்டிப் போனேன். அப்பா ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலி போட்டு ஏறி, கூரை விளிம்பைக் கையால் தடவினார். பழைய காடிகளில் கூரையின் இரண்டு பக்கமும் மழைத்தண்ணீர் வழிந்தோட ஒரு மடிப்பு இருக்கும். அப்பா அதைக் ‘கட்டர்’ என்பார். கேரியரின் கால்கள் அதில்தான் உட்காரும். என் காடியில் அந்தக் கட்டர் வளைந்து, இரும்புக் கால் பட்ட இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

“இது என்ன உலோகம் தெரியுமா பாப்பா?”

“இரும்புதானே?”

“அலுமினியம். சண்டை முடிஞ்ச நேரத்துல வெள்ளைக்காரனுக்கு இரும்புப் பஞ்சம். அதனால காடி உடம்பை அலுமினியத்துல செஞ்சான். அடிச்சட்டம் இரும்பு.”

பிறகு நான் படித்துப் பார்த்தேன், உண்மைதான். 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவரைக் காட்டியபோது பிரிட்டனில் இரும்புக்குக் கட்டுப்பாடு இருந்தது. இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். நம் ஊர் மழைக்குக் கேட்கவா வேண்டும்?

பழைய கேரியரைக் கழற்றி, குளியலறைத் தராசில் நான் ஏறி, அதையும் ஒவ்வொரு பக்கமாகத் தூக்கி நிறுத்துப் பார்த்தோம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 80 கிலோ. சாமான் ஏற்றுவதற்கு முன்பே ஒரு பெரிய மனிதரைக் கூரையில் உட்கார வைத்து மலை ஏறியிருக்கிறேன். போதாக்குறைக்கு நாலே நாலு கால். குழி விழுந்த பாதையில் காடி துள்ளும்போது அந்தப் பாரம் இரண்டு மடங்காக நாலு புள்ளியில் இடிக்கும்.

“ஸ்ட்ராங்கு ஸ்ட்ராங்குன்னு குழாயைத் தடியாக்கிட்டான். உட்கார்ற இடத்தை யோசிக்கல” என்றார் அப்பா. அந்தப் பட்டறைக்காரரை அவர் குறை சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் மூன்று தடவை ‘ஸ்ட்ராங்கா’ என்று சொன்னது நான்தானே.

புதுசாக அவரே செய்து தருவதாகச் சொன்னார். அதில் ஒரு சிக்கல். அப்பாவுக்கு வலது கண்ணில் புரை முற்றியிருந்தது. அரசாங்க மருத்துவமனையில் அறுவைக்கு நாள் கொடுத்து, இரண்டு தடவை போகாமல் இருந்துவிட்டார். ஒரு தடவை பக்கத்து வீட்டுக் கல்யாணம், இன்னொரு தடவை கோழிக்கூண்டு. அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். நான் பேரம் பேசினேன். கேரியர் முடிந்த மறுவாரம் ஆபரேஷன். அவர் பதில் சொல்லாமல் அளவுநாடாவை எடுத்தார். எங்கள் வீட்டில் அதற்குச் ‘சரி’ என்று அர்த்தம்.

25 மில்லி சதுரக் குழாய், 1.6 மில்லி கனம், 20 அடி நீளத்தில் நாலு துண்டு வாங்கினோம். கடைக்காரர் துத்தநாகம் பூசியதைக் காட்டினார், துருப் பிடிக்காது என்று. அப்பா வேண்டாம் என்றுவிட்டார். அதை வெல்டு பண்ணினால் எழும் வெள்ளைப் புகை இரவில் குளிர் காய்ச்சலைக் கொண்டுவரும். பட்டறையில் அந்த வேலை இருக்கும் நாளில் எல்லாருக்கும் பால் கொடுப்பார்களாம். பால் ஒன்றும் செய்யாது, ஆனால் பால் கிடைக்கும் என்றார்.

மெல்லிய குழாய் எப்படித் தாங்கும் என்று எனக்குச் சந்தேகம். கீழே ஒரு சட்டம், ஒரு சாண் உயரத்தில் மேலே ஒரு சட்டம், நடுவில் குத்துக்கால்கள். பக்கவாட்டில் நிறுத்திய ஏணி மாதிரி. இரண்டு சட்டமும் சேர்ந்து பாரத்தைப் பிடிப்பதால் ஒரு தடிக் குழாயைவிட அது வளையாது. தரைக்கு ஏழு குறுக்குக் குழாய். கால்கள் எட்டு. ஒவ்வொன்றின் அடியிலும் ஆறு அங்குல நீளத் தகடு, பாரம் கட்டரில் பரவி இறங்குவதற்கு. தகட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் லாரி டியூப் ரப்பர். கூரையில் ஓர் ஓட்டைகூடப் போடவில்லை. கிளாம்பு போட்டு இறுக்குவதோடு சரி, வேண்டும்போது கழற்றிவிடலாம்.

எட்டுக் காலில் எந்த இரண்டும் ஒரே உயரமில்லை. ஐம்பது வயதாகும் காடியில் இடதும் வலதும் எப்படி ஒன்றாயிருக்கும்? ஒவ்வொன்றுக்கும் பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டி வைத்துப் பார்த்துத்தான் இரும்பை அறுத்தோம். இதற்கே ஒரு முழு நாள் போனது.

முதல் கால். அப்பா கைக்கேடயத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பொறி பறந்தது. நின்று பார்த்தால், வெல்டு இணைப்பை விட்டு அரை அங்குலம் தள்ளி, புழு ஊர்ந்தது போல வளைந்து கிடந்தது. அவர் விரலால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கம்பி பிடிக்கும் கைப்பிடியை என்னிடம் நீட்டினார்.

“நீ வையி. நான் கேக்கிறேன்.”

எனக்குப் புரியவில்லை. தானாகக் கறுக்கும் முகமூடியை மாட்டிக்கொண்டு, 2 மில்லி கம்பியை வைத்தேன். ஒட்டிக்கொண்டது. பிடுங்கி மறுபடி வைத்தேன், குழாயில் ஓட்டை விழுந்தது. பின்னால் முக்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். “வெடிக்குது, கம்பி தூரமாப் போயிருச்சு. இப்ப அமுங்குது, ஒட்டப்போற. மெதுவா. அப்பளம் பொரியிற மாதிரி ஒரே சீரா கேக்கணும்.”

ஊடகவியல் படித்த மூன்று வருடத்தில் ஒலியைப் பற்றி நிறையப் பாடம் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு பாடம் கேட்டதில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு தடவை அந்தச் சத்தம் வந்தது. நான்கு விநாடி இருக்கும். “அதான்” என்றார்.

வேலையின் ஒழுங்கையும் அவர்தான் சொன்னார். முதலில் எல்லா மூலையிலும் புள்ளி வெல்டு. பிறகு மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளந்து, இரண்டு அளவும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகு எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி முழு வெல்டு, இல்லாவிட்டால் சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளும். காடிமேல் வைத்து வெல்டு பண்ணவே கூடாது. இந்தக் காடிக்குப் பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில். வைத்துப் பார்த்து, கோடு போட்டு, கீழே இறக்கி, வெல்டு பண்ணி, மறுபடி ஏற்றி… எத்தனை தடவை என்று எண்ணவில்லை. என் தோளுக்குத் தெரியும்.

குழாயின் வாயை எல்லாம் தகடு வைத்து மூடி, அடியில் மட்டும் சின்ன ஓட்டை விட்டோம், உள்ளே வியர்க்கிற தண்ணீர் இறங்க. துத்தநாக அடிப்பூச்சு, மேலே கறுப்புச் சாயம். எல்லாம் சேர்த்து 35 கிலோவுக்குள் அடங்கியது. செலவு பழையதில் பாதிகூட இல்லை, அப்பாவின் கூலியைக் கணக்கில் சேர்க்காமல்.

சோதனைக்கு 10 கிலோ அரிசி மூட்டை ஆறு. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, ஒவ்வொரு நட்டாகச் சாவி போட்டுப் பார்த்தோம். இரண்டு கொஞ்சம் இளகியிருந்தன. நைலான் வைத்த நட்டாக மாற்றினோம். இப்போதும் நீண்ட பயணத்தில் முதல் நிறுத்தத்தில் இறங்கிப் பார்க்கிறேன். 60 கிலோவுக்குமேல் ஏற்றுவதில்லை, கனமானது காடிக்குள்தான். நீங்களும் இப்படி ஒன்று செய்வதாக இருந்தால் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அடுக்குமாடி கார் நிறுத்தத்தின் உயரப் பலகையையும் பாருங்கள். எங்கள் நிலையத்தில் 2.1 மீட்டர் என்று எழுதியிருக்கிறது. என் காடி இப்போது வெளியே வெயிலில் நிற்கிறது.

அப்பா வாக்கு மாறவில்லை. மறுவாரம் அறுவை முடிந்தது. ஒரு மாதம் கழித்துப் போனபோது சொட்டு மருந்தெல்லாம் நின்றிருந்தது. நான் சாமானை இறக்குவதற்குள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். காடியை ஒரு சுற்று சுற்றி, ஒவ்வொரு காலாகப் பார்த்தார்.

“இது நீ வச்சதா?”

“ஆமாப்பா.”

“இது?”

“அதுவும்.”

ஒன்றும் சொல்லவில்லை. இடது பக்கம் முதல் காலுக்கு வந்து நின்றார். அதில் மற்ற மூன்று பக்கமும் நான் சரியாக வைத்திருந்தேன். அந்தப் புழுவை மட்டும் அரைக்காமல், அதன்மேலேயே சாயம் அடித்துவிட்டிருந்தேன். நகத்தால் அதைச் சுரண்டினார்.

“இது நான் வச்சது.”

“இருக்கட்டும்ப்பா.”

“என்ன இருக்கட்டும்? உள்ளே போயி கிரைண்டரை எடுத்துட்டு வா.”