காற்றுக்குழலின் அளவு

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் சீறும் கார்களைக் கண்டு மோகம் கொண்டு, தங்கள் வண்டியின் இன்டேக் மேனிபோல்டுக் குழல்களைக் குட்டையாகவும் அகலமாகவும் மாற்றித்தரும்படி திண்டிவனத்துப் பட்டறைகளை நாடும் இளைஞர்கள், பௌதிக சாஸ்திரத்தைச் சற்றே அலட்சியம் செய்கிறார்களோ என்ற சம்சயம் எனக்கு உண்டு.

பிஸ்டன் உறிஞ்சுகையில் எழும் அலை, குழலின் திறந்த வாய்வரை சென்று அழுத்த அலையாகத் திரும்பி, வால்வு மூடும் தறுவாயில் வந்து சேர்ந்தால் சிலிண்டருக்குள் காற்று அதிகம் புகும். 35 சென்டிமீட்டர் குழலில் அந்தப் பிரயாணத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிசெகண்டு ஆவதால், 6000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் அதற்குள் 72 பாகை சுழன்றுவிடுகிறது. 3000-இலோ 36 பாகைதான்; அலை வெகு முன்னதாகவே திரும்பிவிடுகிறது. நீண்ட குழலே அதைத் தாமதப்படுத்தும். ஆகவே குட்டைக் குழல் உயர்வேகத்துக்கே உசிதம். விழுப்புரம் நெரிசலில் செகண்ட் கியரில் ஊர்பவருக்கு அது நஷ்டமே! காற்று தாராளமாகப் புகவேண்டுமானால், குழலை மாற்றுமுன் முதலில் போர்ட் வாயில் துருத்தும் கேஸ்கெட் விளிம்பை நறுக்கிவிடுங்கள். செலவு ஒரு பிளேடு.