தேருக்கு ஒரு நாள்... ஆட்டோவுக்கு மறுநாள்! திருவண்ணாமலை மாட வீதி

திருவண்ணாமலைக்கு வருபவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது 217 அடி உயர ராஜகோபுரத்தை. கோயிலைச் சுற்றியுள்ள நான்கு மாட வீதிகளையும் கொஞ்சம் கவனியுங்கள்.

கார்த்திகை தீபத் திருவிழாவின் 7-ம் நாள், இந்த வீதிகளில்தான் ஐந்து தேர்கள் வலம் வரும். அம்மன் தேரைப் பெண்களே வடம் பிடித்து இழுப்பார்கள். 10-ம் நாள், 2,668 அடி மலை உச்சியில் மகா தீபம். அந்த நாட்களில் இங்கே வண்டிகளுக்கு இடமில்லை, ஊரே நடக்கும். திருவிழா முடிந்ததும் தடுப்புகள் விலகும், ஹாரன் சத்தம் திரும்பும்.

திறக்காமலும் இருக்க முடியாது. கடைக்குச் சரக்கு வர வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும். முட்டி வலியோடு தரிசனத்துக்கு வரும் பாட்டிக்கு ஆட்டோ வேண்டும். ஆனால் வண்டிகள் நுழைந்ததும், குழந்தையின் கையைப் பிடித்து நடப்பவர்கள் ஓரத்துக்கு ஒதுங்க வேண்டியிருக்கிறது. பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் இடம் சுருங்கிவிடுகிறது.

மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள்? மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகள் நடப்பவர்களுக்கே. புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை வண்டிகளுக்குத் தடை. பகலில் வழக்கமான போக்குவரத்து.

அண்ணாமலையார் ஊருக்குப் புதுச்சேரி வழி பொருந்தும். காலையில் சரக்கு வண்டிகள், கூட்டம் சேரும் மாலையில் நடை மட்டும், முதியவர்களுக்கு பேட்டரி கார். தேருக்காக வழிவிடும் வீதி, தினமும் சில மணி நேரம் மனிதர்களுக்காகவும் வழிவிடட்டுமே!