ஸ்லோ ஸ்பீடு

முன்குறிப்பு: இது ஒரு பழைய காரின் ஐடிலிங் பிரச்சினை பற்றிய பதிவு. மெக்கானிக்கல் படிச்ச சிங்கங்கள் நடுவுல ரெண்டு மூணு பத்தியைத் தாண்டிப் போயிடலாம். நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ், அதனால எல்லாத்தையும் அடியில இருந்துதான் சொல்ல வரும் :-)

சித்தப்பாகிட்ட ஒரு மாருதி 800 இருக்கு. 1999 மாடல், கார்ப்ரேட்டர் வண்டி. எனக்கும் அதுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. ஊரு காளப்பநாயக்கன்பட்டி. நாமக்கல்லேருந்து சேந்தமங்கலம் வழியா கொல்லிமலைக்குப் போனவங்க எல்லாரும் இந்த ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. இங்கேருந்து கொஞ்ச தூரத்துல காரவள்ளி, அங்கே ஆரம்பிக்குது எழுபது கொண்டை ஊசி வளைவு. டூர் வர்றவங்க ஒவ்வொரு வளைவா எண்ணி போட்டோ பிடிச்சுக்கிட்டுப் போவாங்க. சித்தப்பாவுக்கு அது வாராவாரம் சோளக்காடு சந்தைக்குப் போற ரோடு. மிளகு, வாழைத்தார், அன்னாசின்னு அந்தச் சின்ன டிக்கியில அவர் திணிக்கிறதைப் பார்த்தா மினி லாரின்னே சொல்லலாம்.

போன தடவை ஊருக்குப் போனப்போ வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். நியூட்ரல்ல இருக்கும்போதே உறுமல் ஜாஸ்தி. ஆக்ஸிலேட்டர்ல கால் வெக்கவே இல்லை, முதல் கியர்ல கிளட்ச்சை விட்டா தானா ஓட ஆரம்பிக்குது.

"ஏன் சித்தப்பா, ஸ்லோ இவ்ளோ ஏத்தி வெச்சிருக்கீங்க?"

"நின்னு நின்னு போச்சு கண்ணு. வளைவுல கிளட்ச்சை மிதிச்சா பொசுக்குனு ஆஃப் ஆயிருது. சும்மா நிக்கறப்பவும் ஏறுது, இறங்குது. மெக்கானிக் தம்பிதான் ஸ்க்ரூவைத் திருகி உட்டான். இப்ப நிக்கிறதில்ல."

சரிதான்னு விட்டிருப்பேன். ஆனா தெருமுனை வரைக்கும் ஒரு ரவுண்டு போனப்போ பிரேக் பெடல் கல்லு மாதிரி இருந்துச்சு. அதைக் கேட்டா, "பழைய வண்டி அப்படித்தான் இருக்கும், நல்லா அழுத்தி மிதி, புடிக்கும்" அப்படின்னார். புடிச்சுது, இல்லைன்னு சொல்லலை. ஆனா முட்டிவலிக்காரர் அவர். எழுபது வளைவு இறங்கும்போது அந்த பெடலை எத்தனை தடவை மிதிக்கணும்?

கவனிச்சீங்களா, அவரைப் பொறுத்தவரை இது ரெண்டு தனித்தனி சமாச்சாரம். ஸ்லோ நிக்காதது மெக்கானிக்கோட வேலை, பிரேக் கல்லா இருக்கிறது வண்டியோட வயசு. மெக்கானிக்கிட்ட அவர் முதலாவதை மட்டும்தான் சொல்லியிருக்கார். ரெண்டையும் சேர்த்துக் கேட்டதும் எனக்குச் சட்டுனு வேக்கம் ஞாபகம் வந்துச்சு.

கொஞ்சம் தியரி. ஐடிலிங்ல ஆக்ஸிலேட்டர்ல கால் இல்லாததால கார்ப்ரேட்டர் உள்ளே இருக்கிற த்ராட்டில் தட்டு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். பிஸ்டன் கீழே இறங்கி காத்தை இழுக்குது, வழியோ சந்து மாதிரி. அதனால தட்டுக்குக் கீழே, மேனிஃபோல்டுல, நல்ல வேக்கம் உண்டாகும். ஸ்ட்ராவை விரலால அடைச்சுக்கிட்டு உறிஞ்சிப் பாருங்க, அதேதான். இந்த ஓசி வேக்கத்தைத்தான் பிரேக் பூஸ்டருக்கு ஒரு தடிமனான ஓஸ் வழியா கொண்டு போறாங்க. நாம பெடலை மெதுவா மிதிச்சாலும் பூஸ்டருக்குள்ள இருக்கிற பெரிய ரப்பர் டயஃப்ரம் அந்த வேக்கத்தோட உதவியால நம்ம காலோட சேர்ந்து தள்ளும்.

இப்ப அந்த ஓஸ்ல ஒரு கீறல் விழுந்துச்சுன்னு வைங்க. பூஸ்டருக்குப் போற வேக்கம் குறையும், பெடல் கல்லாகும். அதே கீறல் வழியா கார்ப்ரேட்டருக்குத் தெரியாம வெளிக்காத்து இஞ்சினுக்குள்ள போகும். பெட்ரோல் சரியா எரிய எடைக்கணக்குல 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து வேணும். ஐடிலிங்ல இஞ்சின் இழுக்கிற மொத்தக் காத்தே கொஞ்சம்தான், அதுல திருட்டுக்காத்து கலந்தா விகிதம் கெட்டு, ஏறி இறங்கி, கடைசியில நின்னுரும். வேகமா போறப்போ இஞ்சின் இழுக்கிற காத்து பல மடங்கு ஜாஸ்தி, இந்தத் திருட்டு அதுல கரைஞ்சு போயிடும். அதனாலதான் ரோட்டுல ஓடுறப்போ எந்தக் குறையும் தெரியாது.

ஆக, முதல் வேலையா ஸ்க்ரூவைத் திருப்பி பழைய இடத்துக்குக் கொண்டு வந்தேன். சித்தப்பாவுக்குக் கொஞ்சம் கடுப்பு. "நல்லா இருக்கறத ஏன்டா கெடுக்கற?" பிரச்சினை கண்ணுக்குத் தெரிஞ்சாத்தானே தேட முடியும்? பக் திரும்ப வந்தாத்தான் டீபக் பண்ண முடியும்னு அவர்கிட்ட சொல்லிப் புரிய வைக்க முடியலை. சித்திகிட்டேருந்து டீ வந்ததும் ஆள் சமாதானம்.

வண்டி திரும்ப ஏறி இறங்க ஆரம்பிச்சுது. சூடான இஞ்சின்ல சோக்கை லேசா இழுத்தேன். சோக்கு காத்தைக் குறைச்சு பெட்ரோலைக் கூட்டும். சூடான இஞ்சின் நல்ல நிலைமையில இருந்தா சோக்கு இழுத்ததும் திணறணும். இது திணறாம சமர்த்தா நின்னுச்சு. அப்போ காத்துதான் ஜாஸ்தி. சித்தப்பா வேற, "மேல சோளக்காட்டுல மட்டும் கொஞ்சம் நல்லா நிக்கும்" அப்படின்னார், போற போக்குல. எனக்கு அது லட்டு மாதிரி தகவல். கொல்லிமலை மேல 1000 மீட்டருக்கு அதிகமான உயரம், காத்து லேசு. காத்து லேசானா கார்ப்ரேட்டர் தர்ற கலவையில பெட்ரோல் தூக்கலாயிடும். கீழேயே பெட்ரோல் ஜாஸ்தியா இருந்திருந்தா மேல போய் இன்னும் மோசமாகியிருக்கும். நல்லா நின்னுச்சுன்னா, குறை பெட்ரோல் பத்தாததுதான்.

பிளக் பக்கமும் பார்த்துட்டேன். இருக்கிறதே மூணு சிலிண்டர். ஒவ்வொரு ஒயரா கழட்டினா ஒரே அளவுதான் இஞ்சின் தொய்யுது, எந்த சிலிண்டரும் தனியா சண்டித்தனம் பண்ணலை. (வெறுங்கையால ஒயரைத் தொடாதீங்க சாமி, ஷாக் அடிக்கும்.)

மிச்சம் இருந்தது காத்து எங்கேருந்து வருதுன்னு பார்க்கிறது. ஏர் லீக் பிடிக்க சில பேர் ஓஸ் மேல பெட்ரோல் தெளிப்பாங்க. கொதிக்கிற இஞ்சின் பக்கத்துல அந்த விளையாட்டு வேண்டாம். மேனிஃபோல்டுலேருந்து கிளம்புற ரப்பர் ஓஸ்களை துணி சுத்தின குறடால ஒவ்வொண்ணா அமுக்கினா போதும். எதை அமுக்கும்போது இஞ்சின் சமர்த்தாகுதோ, லீக் அந்த வழியிலதான். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற மெல்லிசு ஓஸ், பெருசா மாற்றம் இல்லை. கிராங்க்கேஸ் புகை வர்ற ஓஸ், அதுவும் இல்லை. பூஸ்டர் ஓஸை அமுக்கினதும் வண்டி புதுசு மாதிரி நிதானமா நின்னுச்சு பாருங்க, சித்தப்பா டீ டம்ளரை வெச்சுட்டு எழுந்து வந்துட்டார்.

கழட்டி வளைச்சுப் பார்த்தா, பூஸ்டர் பக்கத்து முனையில, கிளாம்ப்புக்குக் கீழே, அடிப்பக்கமா ஒரு அங்குலத்துக்கு வெடிப்பு. மேலேருந்து பார்த்தா சத்தியமா தெரியாது.

வெடிப்பு இருந்த இடம்தான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. அந்த ஓஸுக்கு நடுவுல ஒரு ஒருவழி வால்வு உண்டு. இஞ்சின் நின்னு போனாலும் பூஸ்டர்ல கொஞ்சம் வேக்கத்தைத் தேக்கி வெச்சு, ஒண்ணு ரெண்டு தடவை சுலபமா பிரேக் பிடிக்க விடறதுக்காக. வெடிப்பு வால்வுக்கும் பூஸ்டருக்கும் நடுவுல. அப்போ தேக்கமே கிடையாது. வளைவுல கிளட்ச்சை மிதிக்கிறார், இஞ்சின் நிக்குது, அதே நொடியில பிரேக்குக்கு இருந்த கொஞ்சநஞ்ச உதவியும் போச்சு. பிரேக் வேலை செய்யும், ஆனா முழுபலமும் அவர் கால்லேருந்து வரணும். எதிர்ல பஸ் வந்துட்டா?

ஸ்க்ரூவை ஏத்தினதுல நின்னு போறது மட்டும்தான் போச்சு. த்ராட்டில் கொஞ்சம் திறந்தே இருந்ததால வேக்கம் இன்னும் குறைஞ்சது, இறக்கத்துல கியர்ல கிடைக்கிற இஞ்சின் பிரேக்கும் குறைஞ்சது. எச்சரிக்கை மணியை நிறுத்திட்டு பிரேக்கை இன்னும் கொஞ்சம் மோசமாக்கின கணக்கு. எங்க துறையில இதுக்கு டைம்அவுட்டைக் கூட்டி டிக்கெட்டை மூடுறதுன்னு பேரு. மெக்கானிக்கைத் திட்ட எனக்கு மனசில்லை. நின்னு போகாம இருந்தா போதும், சந்தைக்கு நேரமாச்சுன்னு சொல்ற ஆளுக்கு அவன் என்ன பண்ணுவான்? அரை நாள் தேடுறதுக்கு யார் காசு குடுக்கிறா? இத்தனைக்கும் புது வண்டிகள்ல இருக்கிற கம்ப்யூட்டரும் சத்தமில்லாம இதே வேலையைத்தான் செய்யுது. சமாளிக்கிற வரைக்கும் சமாளிச்சுட்டு, முடியாதப்போதான் டேஷ்போர்டுல விளக்கு போடும்.

மறுநாள் நாமக்கல் போனோம். லாரிக்கு பாடி கட்டுற ஊருங்கிறதால கடைக்காரர் முதல்ல கேட்டதே "லாரிக்கா?" தான். சாதா பெட்ரோல் ஓஸ் மாட்டினா வேக்கம் உறிஞ்சி சப்பி ஒட்டிக்கும். பூஸ்டருக்குன்னே வர்ற தடிமனான ஓஸ்தான் வேணும்னு சொல்லி வாங்கிட்டு வந்தோம். வால்வை மாட்டும்போது அம்புக்குறி இஞ்சின் பக்கம் பார்க்கணும். திருப்பிப் போட்டா பூஸ்டருக்கு ஒண்ணுமே போகாது.

மாட்டி முடிச்சு டெஸ்ட். இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு பெடலை நாலஞ்சு தடவை மிதிச்சு, மிதிச்ச கால் எடுக்காம ஸ்டார்ட் பண்ணணும். பூஸ்டர் நல்லா இருந்தா பெடல் கால்கீழ லேசா இறங்கும். சித்தப்பாவையே உக்கார வெச்சேன். இறங்குச்சு. காலை எடுத்து எடுத்து மூணு தடவை செஞ்சு பார்த்தார். உங்க வீட்டு வண்டியில இதைச் செஞ்சு பார்க்க ஒரு நிமிஷம் போதும், காசு கிடையாது.

ஸ்லோவை மட்டும் நான் செட் பண்ணலை. வண்டியை மெக்கானிக் தம்பி கடைக்கே எடுத்துட்டுப் போய் அவரையே வைக்கச் சொன்னோம். காதாலேயே அளந்து அழகா வெச்சுக் கொடுத்தார். வெடிச்ச ஓஸை வாங்கி வளைச்சு வளைச்சுப் பார்த்துட்டு, "இது இங்கயே இருக்கட்டுங்க"ன்னு ஆணியில மாட்டிட்டார். இப்பல்லாம் ஸ்லோ நிக்கலைன்னு யார் வந்தாலும், "பிரேக் எப்படிங்க இருக்குது?"ன்னுதான் முதல்ல கேக்கறாராம். சித்தப்பா போன்ல சொன்னார்.