இரவல் இதயம்

கடன் என்றால் என்னவென்று செட்டிநாட்டு மண்ணுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திப் பொருளீட்டியவர்களின் ஊர்கள் இவை. தவணை எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று படித்துப் பார்த்த பிறகே இங்கே கையெழுத்து விழும். மருத்துவமனை வாசலில் மட்டும் அந்த வழக்கம் நமக்கு மறந்துபோகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் காரைக்குடியில் நம் மைத்துனருக்குக் கடும் மாரடைப்பு கண்டது. மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் இரத்த அழுத்தம் சரிந்து, கைகால் சில்லிட்டு, சிறுநீரும் நின்றுவிட்டது. இதயத் தசையின் பெரும்பகுதி செயலிழந்து, உடலுக்கு வேண்டிய குருதியை அனுப்ப இயலாமற்போகும் இந்நிலையைக் 'கார்டியோஜெனிக் ஷாக்' என்கிறார்கள். நல்ல சிகிச்சை கிடைத்தும் ஏறத்தாழப் பாதிப்பேரை அது கொண்டுபோய்விடுகிறது. அடைப்பை நீக்கியும் இதயம் எழவில்லை. "பலூன் பம்ப் வைக்கவேண்டும்" என்று தாளை நீட்டினார்கள். அவருடைய மகன் கையெழுத்திட்டார். அதனால் என்ன தீங்கு நேரக்கூடும் என்று எவரும் சொல்லவில்லை.

தொடைத் தமனி வழியே பெருந்தமனிக்குள் செலுத்தப்படும் நீண்ட பலூன் அது. இதயம் விரியும்போது ஹீலியம் வாயுவால் உப்பும், சுருங்கும்போது ஒடுங்கும். இதயத்தின் சுமை குறையும். இதயத் தசைக்கே குருதி கூடும் என்பது கருத்து. 1967இல் நியூயார்க்கின் புரூக்ளினில் டாக்டர் அட்ரியன் காண்ட்ரோவிட்ஸ் இதனை முதன்முதலாக நோயாளிக்குப் பயன்படுத்தினார்.

இரண்டாம் நாள் உள்ளே போய்வந்த மகன், "மாமா, அத்தாவுடைய வலதுகால் வெளுத்திருக்கிறது, தொட்டால் பச்சைத் தண்ணீராய் இருக்கிறது" என்றார். குழாய் நுழைந்த தமனியில் குருதி உறைந்து அடைத்திருந்தது. பலூனைக் கழற்றி, உறைகட்டியை அகற்றினார்கள். அதற்குள் இதயம் சற்றே தேறியிருந்தமையால் உயிர் நின்றது. காலும் நின்றது, இரண்டு விரல்கள் போயின. இன்று அவர் ஊன்றுகோலுடன் பள்ளிவாசலுக்குப் போய்வருகிறார்.

அதன்பின் இக்கருவிகளைப் பற்றி நாம் தேடிப் படிக்கலானோம். 2012இல் ஜெர்மனியில் 600 நோயாளிகளிடம் பலூனைச் சோதித்தார்கள். முப்பது நாட்களில் இறந்தவர்கள் பலூன் வைத்தோரில் நூற்றுக்கு 39.7; வைக்காதோரில் 41.3. பொருட்படுத்தத்தக்க வேறுபாடில்லை.

'எக்மோ' என்னும் சொல் 2016 டிசம்பரில், முதலமைச்சர் ஜெயலலிதாவின் இறுதி நாட்களில், தமிழகத்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. இது குருதியை வெளியே எடுத்து, உயிர்வளி ஊட்டி, மீண்டும் தமனிக்குள் தள்ளும் பொறி. நலிந்த இதயத்துக்கு எதிர்த்திசையில் தள்ளுவதால் சில வேளை அதன் சுமையே கூடிவிடுகிறது. குழாயில் குருதி உறையாதிருக்கக் கொடுக்கும் மருந்து குருதிப்பெருக்கை வரவழைக்கிறது. 2023இல் வெளிவந்த ஆய்வில், மாரடைப்பால் இந்நிலைக்கு ஆளானோரிடம் எக்மோ மரணத்தைக் குறைக்கவில்லை. குருதிப்பெருக்கோ நூற்றுக்கு 9.6இலிருந்து 23.4ஆக உயர்ந்தது.

இதய அறைக்குள்ளேயே அமர்ந்து சுழலும் 'இம்பெல்லா' என்னும் சிறு பம்பு மட்டும், தேர்ந்தெடுத்த மாரடைப்பு நோயாளிகளிடம் நற்பயன் காட்டியது. 2024இல் வெளிவந்த ஆய்வின்படி ஆறு மாத மரணம் நூற்றுக்கு 58.5இலிருந்து 45.8ஆகக் குறைந்தது. ஆயினும் குருதிப்பெருக்கு, காலில் குருதியோட்டம் தடைப்படுதல், சிவப்பணுக்கள் சிதைதல் போன்ற கடுந்தீங்குகள் அதனைப் பெற்றோரில் 24 விழுக்காடு, பெறாதோரில் 6.2 மட்டுமே.

ஆகவே கருவி வேண்டாம் என்பதன்று நம் கருத்து. அது இதயத்தைக் குணமாக்குவதில்லை. இதயம் தானே தேறுவதற்குக் காலத்தை இரவல் தருகிறது. இரவலுக்குரிய கேள்விகளை நாம் கேட்டாகவேண்டும். இந்த நோயாளிக்கு இந்தக் கருவி எதற்காக? எத்தனை நாள் வைப்பீர்கள்? காலின் நாடியை எத்தனை மணிக்கொருமுறை பார்ப்பீர்கள்? இதயம் எழாவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்?

இவற்றைக் கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது. போர்வைக்குள் கிடக்கும் கால் வாசலில் காத்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. யார் அதைப் பார்ப்பார்கள் என்று தெரிந்துகொண்டு கையெழுத்திடுவோம்.