ரயில் வராத ஊரின் ரயில்

மண்டாவாவில் ரயில் நிலையம் கிடையாது. ஜுன்ஜுனுவிலிருந்து, இரண்டு ஆட்டுக்குட்டிகளும் டிக்கெட் இல்லாமல் ஏறியிருந்த ஒரு பஸ்ஸில்தான் போனேன். இறங்கிப் பத்து நிமிடம் நடந்திருப்பேன், பாழடைந்த மாளிகை ஒன்றின் நெற்றியில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் புகை கக்குகிறது. பெட்டிகளோ வரிசை வீடுகள் மாதிரி இருக்கின்றன. ஜன்னலுக்கு ஒரு தலைப்பாகை எட்டிப் பார்க்கிறது. வரைந்தவர் ரயிலைப் பார்த்திருக்க மாட்டார், யாரோ சொல்லக் கேட்டிருப்பார் என்று தோன்றியது. சக்கரம் வைத்த தெருதான் ரயில் என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ராஜஸ்தானின் ஷேகாவதி வட்டாரத்தில் சுவரெல்லாம் ஓவியமாக இருக்கும் ஊர்கள் பல; மண்டாவா அவற்றில் ஒன்று. 1755இல் எழுந்த கோட்டை இப்போது ஓட்டல். எனக்குக் கோட்டையில் மனம் ஒட்டவில்லை. அரசன் கட்டுவதில் என்ன ஆச்சரியம்? வட்டிக்கணக்கு எழுதியவன் கட்டியதைப் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

குஜராத் துறைமுகங்களுக்கும் டெல்லிக்கும் இடையே ஒட்டக வண்டிகளும் ஒட்டகச் சாரைகளும் போய்வந்த தடத்தில் இந்த ஊர்கள் சுங்கம் வாங்கியும் சரக்கு மாற்றியும் பிழைத்தன. கும்பினியார் காலத்தில் வியாபாரம் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் நகர்ந்தது; பின்னால் வந்த ரயில் ஒட்டகத்தை ஒரேயடியாக உட்கார வைத்துவிட்டது. வணிகர்களும் சரக்கின் பின்னாலேயே போனார்கள். அப்படிப் போகும் தூரதேசத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'திசாவர்'. (நம் தெருமுனை அடகுக்கடைச் சேட்டுகள் பெரும்பாலும் ஜோத்பூர், பாலி பக்கத்துக்காரர்கள். இவர்கள் வேறு.) திசாவரில் சணலிலும் பஞ்சிலும் அபினியிலும் சம்பாதித்த பணம் இங்கே ஹவேலி என்னும் மாளிகைகளாக எழுந்தது. மனைவி மக்கள் இங்கே, வீட்டுக்காரர் அங்கே. ஆண்கள் உட்காரும் வெளிமுற்றம், பெண்கள் புழங்கும் உள்முற்றம் என்று கணக்காகக் கட்டிய வீட்டில், வெளிமுற்றம் வருஷத்தில் பாதி நாள் காலியாகவே கிடந்திருக்கும்.

சுவர் வேலையைச் செய்தவர்கள் செஜாராக்கள். குயவர் குலத்திலிருந்து வந்த கொத்தனார்கள். கட்டியவர் கையே வரையவும் செய்தது. ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் வண்ணம் ஏற்றி, வழவழப்பான கல்லால் இழைத்து, கடைசியில் தேங்காயால் தேய்த்து மெருகேற்றுவார்களாம். தென்னை முளைக்காத மணலில் தேங்காய்! காவியும் விளக்குக் கரியும் உள்ளூர்ச் சமாசாரம். பின்னால் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலம் வந்தது. அந்த நீலம் கண்ணைப் பறிக்கும் இடத்திலெல்லாம் வீட்டின் வயதை ஓரளவு ஊகித்துவிடலாம்.

பன்சிதர் நேவட்டியாவின் ஹவேலிச் சுவரில் ரைட் சகோதரர்களின் விமானம் பறக்கிறது. கார் இருக்கிறது, டெலிபோன் பேசும் பையன் இருக்கிறான். உள்ளே வங்கி நடக்கிறது. கோயங்கா ஹவேலி ஒன்றில் இன்னொரு விளையாட்டு: ஒரு பக்கம் பார்த்தால் யானைமேல் இந்திரன், மறுபக்கம் பார்த்தால் காளைமேல் சிவன், இரண்டுக்கும் ஒரே தலை. தாராசுரத்தில் கல்லில் பார்த்த ரிஷபகுஞ்சரத்தை இந்த மணல்காட்டில் சந்தித்தபோது, தெரியாத ஊரில் சொந்தக்காரர் கைதட்டிக் கூப்பிட்டது போலிருந்தது.

ஓட்டல்களாகிவிட்ட சில மாளிகைகளில் பழைய ஓவியத்தின்மேல் புது பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கிருஷ்ணன் சினிமா போஸ்டர் நிறத்தில் ஜொலிக்கிறான். உதிர்ந்தே போகட்டும் என்று விட்டிருக்கலாம்.

ரயில் படம் இருந்த வீட்டின் காவலாளி எழுபது வயதுக்காரர். காகா என்றுதான் தெருவே அவரைக் கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன். இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார். கணக்குப்பிள்ளை உட்கார்ந்த மெத்தை மேடையைக் காட்டி, "உங்களுக்கு மகாஜனி எழுத்து தெரியுமா, பாபுஜி?" என்றார். வணிகர்களின் அந்தப் பழைய எழுத்தில் உயிர்க்குறிகள் கிடையாது. 'காகா அஜ்மேர் கயே', சித்தப்பா அஜ்மேர் போனார் என்று எழுதிய கடிதத்தை, வீட்டில் இருந்தவர்கள் 'காகா ஆஜ் மர் கயே', சித்தப்பா இன்று செத்துப்போனார் என்று படித்து ஒப்பாரி வைத்தார்களாம். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பழைய நகைச்சுவை. தன் பெயரே அதில் அடிபடுவதால் அவருக்குக் கூடுதல் சந்தோஷம். நானும் சிரித்தேன். கடிதத்தை மட்டுமே நம்பிக் கிடந்த உள்முற்றத்துப் பெண்கள் இதற்குச் சிரித்திருப்பார்களா என்று பிறகுதான் யோசித்தேன்.

"வீட்டுக்காரர்கள் வருவார்களா, காகா?"

"பேரப்பிள்ளைக்கு முதல் முடி இறக்க வருவாங்க. குலதெய்வம் இங்கதானே. காலையில் வந்து, சாயங்காலம் ஜெய்ப்பூர் போய்டுவாங்க. இங்க ஏசி இல்ல."

ஊர் நடுவே ஹர்லால்கா கிணறு இருக்கிறது. நான்கு தூண்கள் தொலைவிலிருந்தே தெரியும். நீர் இறைத்த ஒட்டகம் நடந்த சரிவுப் பாதையில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்தபோது காகா பூட்டத் தயாராக நின்றார். யானை நுழையும் அளவு பெரிய வாசற்கதவுக்குள் ஆள் குனிந்து நுழைய ஒரு சின்னக் கதவு. அதைச் சாத்திக்கொண்டே, சென்னைக்கு ரயில் சூரத் வழியாகப் போகுமா என்று கேட்டார். நான் போகும் ரயில் போகாது என்றேன். "போனால் சொல்லுங்க. பையன் அங்க துணிக்கடையில் இருக்கான். கொஞ்சம் நெய் கொடுத்து அனுப்பணும்."