ஜன்னலுக்கு வெளியே நீண்ட கை



இந்த வாரம் ஒரு பூனைக்குட்டியைப் பற்றி எழுதுகிறேன். போதகருக்கு எழுத வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று நீங்கள் எண்ணக்கூடும். பொறுமையோடு முடிவுவரை வாசியுங்கள். இதில் நான் உங்களிடம் அறிக்கையிட வேண்டிய காரியம் ஒன்றும் இருக்கிறது.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்ததை நம் பகுதியில் ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையேயுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் திங்கட்கிழமை ரயில்கள் நிறுத்தப்பட்டன. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறாகிய டிசம்பர் 1 அன்று ஆராதனைக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்று மாலை, முழங்கால் அளவு தண்ணீர் நின்ற குருமனை வாசலில், துளசிச் செடியின் தொட்டிமேல் ஒரு குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதைத் துண்டில் சுற்றி உள்ளே கொண்டுவந்தாள். ஐந்து வார வயது இருக்கும். தாயைத் தேடினோம், காணவில்லை. மகள் அதற்கு மிட்டு என்று பெயரிட்டாள்.

மழை விடும்வரைதான் என்று நான் சொன்னேன். மழை விட்டது, மிட்டு போகவில்லை.

முதல் வாரத்திலேயே எங்கள் அறியாமை வெளிப்பட்டது. பூனை என்றால் பால் என்று நாமெல்லாரும் நினைக்கிறோம். பசும்பாலைக் கிண்ணம் கிண்ணமாக வைத்தோம். குட்டிக்கு வயிற்றுப்போக்கு பிடித்து, வீடே நாறியது. அரசு கால்நடை மருந்தகத்தின் மருத்துவர், பசும்பாலிலுள்ள சர்க்கரை பல பூனைகளுக்குச் செரிக்காது என்று விளக்கினார். தண்ணீரும், முள் நீக்கிய வேகவைத்த மீனும், கோழியும் போதும் என்றார்; பூச்சி மருந்தும் கொடுத்தார். வயிறு சரியானதும் மிட்டுவுக்கு வலிமை வந்தது. வலிமையோடு எங்கள் துன்பமும் வந்தது.

அதிகாலை மூன்றரை மணிக்கு அது வீட்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடும். திரைச்சீலையில் ஏறும். என் வேத விளக்கவுரை நூல்களின் முதுகுகளில் நகம் தீட்டும். ஆலயத்தில் இளைஞர்கள் பாடுபட்டு அமைத்த கிறிஸ்துமஸ் குடிலின் மணலைத் தன் கழிவிடமாகத் தேர்ந்துகொண்டது. பண்டிகை நாள் காலையில் மேய்ப்பர் பொம்மைகளை எடுத்துவிட்டு மணலை மாற்றியவன் நான்தான். அன்று குடிலருகே ஏன் அத்தனை ஊதுவத்தி என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்.

இவற்றை எல்லாம் சிரித்துப் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாதது ஜனவரி முதல் வாரத்தில் நடந்தது. எண்பது வயதைக் கடந்த என் தாயார் எங்களோடு இருக்கிறார்கள். நீண்டகால நீரிழிவு, பார்வையும் மங்கல். நடக்கும்போது அசையும் சேலை விளிம்பு மிட்டுவுக்கு விளையாட்டுப் பொருள். ஒரு மாலை அது பாய்ந்து அம்மாவின் கணுக்காலைக் கவ்விக் கீறியது. இரத்தம் வழிந்தது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். பூனைக்கடியாலும் கீறலாலும் வெறிநோய் வரக்கூடும் என்பதால் தடுப்பூசிகளை ஒரு தவணையும் தவறாமல் போட்டோம். தடுப்பூசி போட்டும் காலின் புண் ஆற ஐந்து வாரமாயிற்று. நீரிழிவுக்காரரின் காலில் ஒரு புண் என்றால் என்ன பொருள் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். "ஏம்பா, எனக்கு அந்தக் குட்டிய பாத்தாலே ஒதறுது. கட்டில விட்டு எறங்கவே பயமா இருக்கு," என்றார்கள் அம்மா. தம் மகன் வீட்டில், எண்பது வயதில், கட்டிலை விட்டு இறங்கப் பயம்.

இனி வருவதுதான் என் அறிக்கை.

திண்டிவனத்தை அடுத்த கிராமத்தில் நான் வளர்ந்த வீட்டில், பூனை தொல்லையானால் ஒரே வழிதான் உண்டு. என் தகப்பனார் அதைக் கோணியில் போட்டு வாயைக் கட்டி, திசை தெரியாதபடி மூன்று சுற்றுச் சுற்றி, ரயில் பாதைக்கு அப்பால் விட்டுவருவார். ஒரு தடவை மூன்றாம் நாள் அந்தப் பூனை திரும்பி வந்து திண்ணையில் படுத்திருந்தது. இரண்டாம் முறை விட்டபோது வரவில்லை. அது எங்கே போயிற்று என்று நான் கேட்டதில்லை.

அம்மாவுக்கு அடிபட்ட மூன்றாம் நாள், இருள் பிரியாத வேளையில், மிட்டுவை ஒரு கட்டைப் பையில் வைத்து ஸ்கூட்டரில் சுங்கச்சாவடிப் பக்கம் சென்றேன். சாலையோரம் உணவுக்கடைகள் இருக்கின்றன, மீன் முள்ளும் எலும்பும் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்று என் மனச்சாட்சிக்கு நானே ஒரு பிரசங்கம் செய்தேன். பையைத் தரையில் வைத்தேன். வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்த குட்டி, லாரிகளின் இரைச்சலில் சட்டென்று மௌனமாயிற்று. தேநீர்க் கடைக்காரர் பையைப் பார்த்துவிட்டு, "பூனையாங்க ஐயா? போன வாரமும் ஒருத்தர் ரெண்டு குட்டி விட்டுட்டுப் போனாரு. மறுநாளே ரோட்டுல போயிடுச்சிங்க," என்றார். அவர் குரலில் கண்டனம் இல்லை. அன்றாடம் காணும் ஒன்றைச் சொன்னார், அவ்வளவுதான்.

பையை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன். மகள் வாசலில் நின்றாள். கட்டிலடியிலும் அலமாரியின் பின்னும் தேடிக் களைத்திருந்தாள். "கால்நடை மருத்துவரிடம் காட்டப் போனேன்," என்றேன். காலை ஆறு மணிக்கு எந்த மருந்தகமும் திறந்திருக்காது. அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் குட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். முந்தின ஞாயிறு நான் ஆற்றிய அருளுரை, உள்ளதை உள்ளதென்று சொல்வதைப் பற்றியது.

அன்றிரவு குடும்ப ஜெபத்தில் என் மகளிடமும் மனைவியிடமும் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மகள் உடனே மன்னிக்கவில்லை. உடனே மன்னிக்கவேண்டும் என்று கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.

பிரியமானவர்களே, நான் செய்யத் துணிந்தது நம் நாட்டுச் சட்டப்படியும் குற்றம். 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், பசியாலோ தாகத்தாலோ துன்புறக்கூடிய நிலையில் ஒரு விலங்கை நியாயமின்றிக் கைவிடுவதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. அச்சட்டம் பிறப்பதற்கு மாநிலங்களவையில் முதற்குரல் எழுப்பியவர் நம் தமிழகத்தின் ருக்மிணி தேவி அருண்டேல். 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. நாம் பழக்கம் என்று நினைத்துச் செய்வதைத் தவறு என்று நமக்குச் சொல்ல ஒரு நடனக் கலைஞர் எழுந்தார். நான் இறையியல் படித்தவன். எனக்கு அது ஒரு தேநீர்க் கடைக்காரர் சொல்லும்வரை தோன்றவில்லை.

பூனையைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்று மகள் ஒருநாள் கேட்டாள். நம் கையிலுள்ள 66 ஆகமங்களில் வீட்டுப் பூனை எங்கும் வருவதில்லை. கத்தோலிக்க சகோதரரின் வேதாகமத்தில் பாரூக்கு நூலின் 6-ஆம் அதிகாரத்தில், விக்கிரகங்களின்மேல் வந்து அமரும் பிராணிகளின் வரிசையில் ஒருமுறை வருகிறது. ஆகவே பூனையைத் தேடுவதை விட்டு, வெள்ளத்தில் வந்த குட்டிக்கு வெள்ளத்தின் அதிகாரத்தையே எடுத்தேன்: ஆதியாகமம் 8.

நோவா புறாவை மூன்று தடவை வெளியே விடுகிறார். முதல் முறை எங்கும் தண்ணீர். கால் ஊன்ற இடமில்லாமல் புறா திரும்புகிறது. அப்போது நோவா தன் கையை நீட்டி அதைப் பிடித்துப் பேழைக்குள் சேர்த்துக்கொள்கிறார். பலமுறை பிரசங்கித்த பகுதி இது. ஆயினும் அந்தக் கையை நான் கவனித்ததில்லை. ஏழு நாள் காத்திருந்து மறுபடி விடுகிறார். ஒலிவ இலையோடு வருகிறது. இன்னும் ஏழு நாள் காத்திருக்கிறார். மூன்றாம் முறை அது திரும்பவில்லை, தங்க இடம் கண்டது.

நோவா புறாவை என்றைக்கும் தன்னிடமே வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் விட்டபின் ஜன்னலை மூடிக்கொள்ளவுமில்லை. போகவிடுவதற்கும் கைவிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை நான் அங்கே கண்டேன். கைவிடுகிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை. போகவிடுகிறவன், கால் ஊன்ற இடம் கிடைத்ததா என்று பார்த்திருந்து, கிடைக்கவில்லையென்றால் கையை நீட்டுகிறான்.

நாங்கள் ஒரு தவணை குறித்தோம்: லெந்து காலம் தொடங்கும் மார்ச் 5, சாம்பல் புதன் வரை. அதுவரை உண்மையாக முயல்வது, பிறகு உண்மையாக முடிவெடுப்பது. மருத்துவர் சொன்னபடி, இரவு உணவுக்கு முன் அரைமணி நேரம் கயிற்றில் கட்டிய துணியை இழுத்து மகள் அதை ஓடவிட்டாள். ஓடிக் களைத்து, உண்டு, விடியும்வரை உறங்கக் கற்றுக்கொண்டது. கையை வைத்து விளையாட்டுக் காட்டுவதை நிறுத்தினோம். கையும் காலும் இரை என்று அதற்குப் பழக்கியவர்கள் நாங்களே. பழைய பிளாஸ்டிக் தட்டில் மணலிட்டுத் தினமும் சுத்தம் செய்தோம்; மூன்று நாளில் பழகிவிட்டது. மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம். அம்மாவின் அறைக்கு வலைக்கதவு பொருத்தினோம்.

ஏறக்குறைய எல்லாம் சீரானது, ஒன்றைத் தவிர. வலைக்கதவுக்குப் பின்னால் அம்மா கைதியைப்போல் இருந்தார்கள். கூடத்துக்கு வரும்போதெல்லாம் யாராவது குட்டியைப் பிடித்துக்கொள்ளவேண்டும். பிப்ரவரி இறுதியில் அது ஒருமுறை தப்பி ஓட, அம்மா பதறி விழப்பார்த்தார்கள். அன்று என் மகள் தானாகவே, "அப்பா, பாட்டி பாவம். மிட்டுவுக்கு வேற நல்ல வீடு பாக்கலாம்," என்றாள். அவள் அதைச் சொல்ல எவ்வளவு விலை கொடுத்தாள் என்பதை அவள் முகம் சொன்னது.

மயிலம் பக்கம் விவசாயம் செய்யும் ஒரு குடும்பம் கேட்டது. மணிலா மூட்டைகளை எலி கடிப்பதால் அவர்களுக்குப் பூனை தேவை. மிட்டுவின் குறைகளை ஒளிக்காமல் சொன்னோம்: சேலையைப் பிடிக்கும், அலமாரிமேல் ஏறும், மீன் இருக்கும் இடத்தில் நம்பமுடியாது. மகளே முதலில் போய் வீட்டைப் பார்த்தாள். குடும்பக்கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்யவேண்டும் என்றும், அதன் செலவு எங்களுடையது என்றும் பேசிக்கொண்டோம். அது படுத்த பழைய துண்டையும் உடன் கொடுத்தோம். மூன்று வாரம் வெளியே விடாமல் வீட்டுக்குள் வைத்துப் பழக்கச் சொன்னோம். ஒத்துவராவிட்டால் எந்த நேரமும் திரும்பத் தரலாம் என்று சொல்லி வந்தோம்.

உயிர்த்தெழுந்த திருநாள் முடிந்தபின் பார்க்கப் போனோம். வளர்ந்து, மூட்டைகளின் உச்சியில் படுத்திருந்தது. மகள் அழைத்தாள். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. திரும்பும் வழியில் அவள் அழுதாள். "நம்மள மறந்துடுச்சு இல்லப்பா?" என்றாள். மூன்றாம் முறை புறா திரும்பாததை அவளுக்கு நினைவூட்டினேன். அது ஆறுதலாக இருந்ததா என்று தெரியாது. ஆனால் என் தோளில் சாய்ந்துகொண்டாள். வீடு வந்ததும் அம்மா, "குட்டி நல்லா இருக்குதா? அது இல்லாம வூடு வெறிச்சினு கெடக்குப்பா," என்றார்கள்.

அன்பானவர்களே, இரண்டு காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன். முதலாவது, வளர்க்க இயலாத குட்டிகளை இரவில் சாக்கில் கட்டி ஆலய வளாகத்தில் விட்டுப் போகிறவர்கள் நம்மில் உண்டு. உங்களைக் கடிந்துகொள்ளும் தகுதியை நான் சுங்கச்சாவடியருகே இழந்துவிட்டேன். ஆனால் இனி இருளில் வராதீர்கள். பகலில் வந்து என்னிடம் சொல்லுங்கள். சேர்ந்து ஒரு வீடு தேடுவோம்.

இரண்டாவது, "என்னால் முடியவில்லை" என்று சொல்வது பாவமன்று. முடியவில்லை என்பதை மறைத்துப் பொய் சொல்வதும், நம் இயலாமையின் விலையை வாயில்லாத ஒன்றின் தலையில் சுமத்துவதுமே பாவம். இதைக் கேட்டு, பெற்றோரையும் இப்படி வேறிடம் அனுப்பலாமா என்று யாரும் கணக்குப் போடவேண்டாம். நாங்கள் மிட்டுவை அனுப்பியதே ஒரு தாய் தன் வீட்டில் பயமின்றி நடமாடத்தான். ஆனால் முதியோரையும் நோயாளிகளையும் தனியே சுமந்து, ஒருவரிடமும் வாய்திறவாமல் களைத்துப்போனவர்கள் நம் சபையில் இருக்கிறீர்கள். நீங்களும் சொல்லுங்கள். சபை என்பது அதற்காகத்தான்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, நீர் எங்கள் கையில் ஒப்புவித்த சிறிய உயிர்களுக்காக ஸ்தோத்திரம். முடியாதபோது உண்மை பேசும் தைரியத்தையும், அனுப்பியபின்னும் நீட்டிய கையை மடக்காத இருதயத்தையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் மூலம் வேண்டுகிறோம், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்
விக்கிரவாண்டி