அடி

முத்தையாபுரம் தாண்டித் துறைமுகச் சாலை. இருபுறமும் உப்பளம். ஒரு பாத்தியை மட்டும் செம்மண் கொட்டி மூடியிருக்கிறார்கள். நான்கு மூலையிலும் கல் நட்டிருக்கிறது. சாலையோரம் ஃபிளக்ஸ். ஆறு மாடி, கீழ்த்தளம் முழுக்க கார் நிறுத்துமிடம். பால்கனியில் ஒரு குடும்பம் சிரிக்கிறது.

ஃபிளக்ஸுக்குப் பின்னால் இரும்பு முக்காலி. உச்சியில் கப்பி. கயிற்றின் நுனியில் இரும்புக் குண்டு, 63.5 கிலோ.

குண்டு ஏறுகிறது, 75 சென்டிமீட்டர். விழுகிறது. குழாய் மண்ணுக்குள் இறங்குகிறது.

"ஒண்ணு."

குழாயில் சாக்பீஸ் கோடுகள், 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாக மூன்று. முதல் கோட்டுக்கான அடிகள் கணக்கில் வராது. துளை போடும்போது கலைந்த மண் அது. அடுத்த இரண்டு கோட்டுக்கும் விழுந்த அடிகளைக் கூட்டி நோட்டில் எழுதுகிறார் இன்ஜினியர். இருபத்தைந்து வயதுப் பெண். துப்பட்டா தலையைச் சுற்றி இறுகியிருக்கிறது.

மூன்று மீட்டர் ஆழம். பேனா நிற்கிறது.

"நாலுதானாண்ணே?"

"நாலுதாம்மா. வெண்ணெ மாதிரி எறங்குது."

நோட்டின் உள்ளட்டையில் இந்தியத் தரநிலை 1893-இலிருந்து ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது. முப்பதுக்கு மேல் கெட்டி மண். பத்துக்குக் கீழே மென்மண். பத்து என்ற எண்ணைச் சுற்றி சிவப்பு மை.

கடைசிப் பக்கத்தில் ஒரு படம். மெக்சிகோ நகரம், 1985 செப்டம்பர் 19. நிலநடுக்கம் பிறந்தது பசிபிக் கரையில், ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தள்ளி. குன்றுப் பக்கத்து வீடுகள் நிற்கின்றன. பழைய ஏரியின் களிமண் மேல் நின்ற பல மாடிக் கட்டடங்கள் படுத்துக் கிடக்கின்றன. களி ஒருமுறை ஆடி முடிக்க ஏறக்குறைய இரண்டு வினாடி. கட்டடங்களும் அந்தத் தாளத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

படத்துக்குக் கீழே பென்சில் எழுத்து. 2001 ஜனவரி 26, புஜ் நிலநடுக்கம். அகமதாபாத் 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. வண்டல். கீழ்த்தளம் கார்களுக்கு. அதற்கும் கீழே, 2001 செப்டம்பர் 25, புதுச்சேரிக்குக் கிழக்கே கடலில், 5.5.

பதினோரு மணி. அதிர்வை உணரும் இருபத்துநான்கு ஜியோபோன்கள் வரிசையாக மண்ணில் குத்தி நிற்கின்றன. ஒரு பையன் சம்மட்டியை ஓங்கி நிற்கிறான். காலடியில் இரும்புத் தகடு.

இன்ஜினியர் கை காட்டுகிறார். பொறு.

கன்டெய்னர் லாரி போகிறது. மடிக்கணினித் திரையில் கோடுகள் நடுங்குகின்றன. அடங்குகின்றன. சம்மட்டி ஏறுகிறது. இன்னொரு லாரி. சம்மட்டி இறங்குகிறது. பின்னால் நிலக்கரி லாரி. பையன் தோளைத் தேய்க்கிறான்.

அடுத்த பாத்தியில் பெண்கள் உப்பு வாருகிறார்கள். யாரும் திரும்பவில்லை.

கடைசியில் ஒரு இடைவெளி. ஒரே போடு.

அலை ஓடுகிறது. பாறை என்றால் வினாடிக்கு 760 மீட்டருக்கு மேல். 180-க்குக் குறைந்தால் தளர்ந்த மண். அலையின் வேகம் குறையக் குறைய மண்ணின் ஆட்டம் பெருகும். மேல் முப்பது மீட்டரின் சராசரிதான் கேள்வி. திரையைப் பார்த்தபடி இன்ஜினியர் உதட்டைக் கடிக்கிறார்.

காவலுக்கு ஒரு பெரியவர். திரேஸ்புரத்துக்காரர். முப்பது வருஷம் சங்கு குளித்தவர். அப்பா முத்துக் குளித்தவர். 1961-க்குப் பிறகு அந்தக் குளிப்பு இல்லை.

குழாயை இரண்டாகப் பிளக்கிறார்கள். உள்ளே சாம்பல் நிறக் களி, நடுவே சிப்பித் துண்டு. பெரியவர் ஒரு விள்ளல் எடுக்கிறார். உருட்டுகிறார். மோந்து பார்க்கிறார்.

"சேறு. இதுல சிப்பி ஒட்டாது. பாருலதான், கடலடிப் பாறையிலதான் ஒட்டும். எத்தன அடி?"

"மூணு அடி, தாத்தா."

பெரியவர் குழாயின் நீளத்தைப் பார்க்கிறார். "இம்புட்டும் உள்ள போயிருக்கு, மூணு அடிங்கிற?"

"நான் சொல்றது அடிச்ச அடி."

இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். பெரியவர் களியை வேட்டியில் துடைக்கவில்லை. உள்ளங்கையிலேயே வைத்திருக்கிறார்.

துளைக்குள் டேப் இறங்குகிறது. ஒரு மீட்டருக்குள் தண்ணீர். பம்ப் அறைச் சுவரில் 2023 டிசம்பர் வெள்ளத்தின் கறை இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது.

நோட்டில் எண்கள் கீழிறங்குகின்றன. நான்கு. மூன்று. மூன்று. ஆறு. ஐந்து.

மதியம் டீ வருகிறது. குண்டு தொங்குகிறது.

நாலு மணிக்குச் சத்தம் மாறுகிறது. இதுவரை தொம் தொம். இப்போது ணங்.

பெரியவர் எழுந்து நிற்கிறார்.

"பாரு."

ஐம்பது அடி விழுகிறது. குழாய் முதல் கோட்டைக்கூடத் தாண்டவில்லை. இன்ஜினியர் ஆழத்தை எழுதுகிறார். பதினான்கு மீட்டர். அடிக்கோடு ஒன்று போடுகிறார். பிறகு தலை நிமிர்ந்து ஃபிளக்ஸின் முதுகைப் பார்க்கிறார்.

மண் மாதிரிகளை பாலிதீனில் சுற்றிச் சீட்டு ஒட்டுகிறார்கள். முக்காலியை நான்கு பேர் தூக்கி அடுத்த மூலைக்குக் கொண்டுபோகிறார்கள். நிறுத்துகிறார்கள்.

குண்டை மாட்டியதும் கால்கள் புதைகின்றன. மறுபடி தூக்குகிறார்கள். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு பலகை செருகுகிறார்கள்.